கடையை மூடியாச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் தோழியும் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 3 வருஷம் இட்லி மாவு கம்பெனி நடத்தினோம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்து 2024 செப்டம்பரில் ஷட்டரை இறக்கினோம். அதற்கப்புறம் கல்யாண வீடு, காய்கறிக் கடை, அபார்ட்மெண்ட் லிஃப்ட் என்று எங்கே போனாலும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுவேன். கோபமாக எழுதியது மாதிரி தெரிந்தால், ஆமாம், சில இடங்களில் கோபம்தான்.

இப்போ என்ன பண்றே?

வேலைக்குப் போகிறேன். பழையபடி சாஃப்ட்வேர் டெஸ்டிங். மாரத்தஹள்ளி பக்கம், வாரம் 3 நாள் ஆபீஸ். நன்றாகத்தான் இருக்கிறேன். அடுத்த கேள்வி.

தோல்விதானே வெற்றிக்கு முதல் படி? கவலைப்படாதே.

இதைச் சொல்பவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள், அதனால் முகத்துக்கு நேரே பதில் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் படி என்றால் மேலே ஒரு மாடி இருக்க வேண்டும், நான் அதில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். நான் ஏறவில்லை. இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்விட்டேன். அப்படியானால் அந்த 3 வருஷத்துக்கு மதிப்பே இல்லையா? பின்னால் ஒரு வெற்றி வந்து கையெழுத்துப் போட்டால்தான் தோல்வி செல்லுபடியாகும் என்றால், அது தோல்விக்குக் கொடுக்கிற மரியாதையா, வெற்றிக்குக் கொடுக்கிற மரியாதையா?

நம் ஊரில் ஜெயித்தவன் எப்போதோ தோற்ற கதைக்குக் கைதட்டல் கிடைக்கும். தோற்றவன் தோற்ற கதைக்கு "பாவம்" கிடைக்கும், அப்புறம் காபி கிடைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தோற்றாலே பாடம் தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. உளுந்தை மூட்டையோடு வாங்கி மூலையில் போட்டுவைத்தால் மாவாகாது, ஊறப்போட்டு ஆட்டணும். எங்கள் தெருவில் ஒருவர் ஜூஸ் கடை வைத்து மூடினார், இடம் சரியில்லை என்றார். மொபைல் கடை வைத்து மூடினார், பார்ட்னர் சரியில்லை என்றார். அப்புறம் டிராவல்ஸ் வைத்தார், வாஸ்து. மூன்று கடையிலும் அவர் கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, ஆனால் அதைப் போய் அவரிடம் யார் சொல்வது. அவரிடம் மூன்று தோல்விகள் இருக்கின்றன. மூன்றும் இன்னும் மூட்டையில்தான் இருக்கின்றன.

அப்துல் கலாமே தோத்தவர்தானே?

பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாராவது தோற்றால் 5 நிமிஷத்துக்குள் கலாம் வந்துவிடுவார். இஸ்ரோ தலைமையகம் இதே ஊரில் இருப்பதால் இன்னும் சீக்கிரம் வருவார் போல. கதை தெரிந்ததுதான். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி.-3 ராக்கெட், கலாம்தான் திட்ட இயக்குநர். கிளம்பி 5 நிமிஷம் சொச்சத்தில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. எல்லாரும் இந்த இரண்டு தேதிகளை மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் இருக்கும் 11 மாதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த 11 மாதம்தான் முக்கியம்.

விழுந்த அன்று பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தவர் கலாம் இல்லை, அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பொறுப்பு என்னுடையது, அடுத்த வருஷம் ஜெயிப்போம் என்று அவர் சொன்னார். (தவான் அப்போது நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்துக்கும் இயக்குநர். இரண்டு நாற்காலி.) அடுத்த வருஷம் ஜெயித்ததும் நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். இதைக் கலாமே மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார், நாம் அதைத் தலைமைப் பண்புக் கதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். நான் கேட்கிற விதம் வேறே. தோற்றவனுக்கு முன்னால் போய் நிற்க ஒரு ஆள் இருந்தார். எங்கே தப்பு என்று உட்கார்ந்து பார்க்க ஒரு குழு இருந்தது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு என்று அது கண்டுபிடித்தது. மாசக் கடைசியில் சம்பளமும் வந்தது. யார் அம்மாவுடைய நகையும் அடகில் இல்லை.

இஸ்ரோவில் பிறகும் தோற்றார்கள். 1987இலும் 1988இலும் ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட் அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்தது. இன்று ஊரே நம்பும் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம், 1993 செப்டம்பர் 20, அதுவும் தோல்விதான். ஒவ்வொரு தடவையும் ஆய்வுக் குழு உட்கார்ந்தது, காரணம் எழுதப்பட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சந்திரயான் விஷயம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் பீன்யாவில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்தில் நிலாவில் இறங்க வேண்டிய விக்ரம் கலத்தின் தொடர்பு அறுந்தபோது நாங்கள் எல்லாரும் டிவி முன்னால்தான் இருந்தோம். அப்புறம் என்ன நடந்தது என்பதை 2023இல் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளியிருக்கின்றன. பிழை சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதற்குள்ளேயே போய்ச் சேர வேண்டும் என்று கலம் வேகத்தைக் கூட்டியிருக்கிறது. அதனால் சந்திரயான்-3இல் இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களைக் கெட்டியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், 5 என்ஜினை 4 ஆக்கினார்கள். எப்படியெல்லாம் ஜெயிக்கலாம் என்று வடிவமைக்காமல், எதெல்லாம் கெட்டுப்போகலாம், கெட்டுப்போனாலும் எப்படி இறக்குவது என்று வடிவமைத்தோம் என்றார் சோமநாத். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால், விழுந்துபோன சந்திரயான்-2இன் சுற்றுக்கலம், இன்னும் உயிரோடு நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது, புதிதாக வந்த கலத்துடன் தொடர்பு கொண்டது. இஸ்ரோ அதை "வாப்பா நண்பா" என்கிற தொனியில் எழுதிப் போட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒன்று கேட்கிறேன். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், தெரியத்தான் வேண்டும். சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் யார்? முத்தையா வனிதா. அவரும் தமிழர்தான். எத்தனை பேருக்குப் பெயர் தெரிந்திருந்தது?

சரி, உங்க கடை எதனால மூடுச்சு? உண்மையைச் சொல்லு.

கடை நடந்த முதல் 2 வருஷத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டிருந்தால் குளிர் என்று சொல்லியிருப்பேன். அதுவும் பொய்யில்லை. எங்கள் அளவுகள் எல்லாம் திண்டுக்கல் அளவு, நாலு அரிசிக்கு ஒரு உளுந்து, ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டிவைத்தால் காலையில் பொங்கி வழியும். பெங்களூரு டிசம்பர் ராத்திரியில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும், மாவைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிருக்கு 30 டிகிரி பக்கத்தில்தான் உற்சாகம். முதல் டிசம்பரில் ஒரு நாள் காலை நாலரை மணிக்கு ஷட்டரைத் தூக்கி, டிரம் மூடியைத் திறந்து பார்த்தால், ராத்திரி கையால் கலக்கின வரி அப்படியே இருந்தது. ஒரு குமிழி இல்லை. 180 கிலோ. என் தோழி விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஏப்ரலில் இதற்கு நேர் எதிர். பாக்கெட்டுக்குள்ளேயே புளிப்பு ஓடிக்கொண்டிருக்கும், காற்று சேர்ந்து பாக்கெட் குட்டித் தலையணை மாதிரி உப்பிவிடும். கடைக்காரர் ஃப்ரிட்ஜை ராத்திரி அணைத்துவைத்துவிட்டு, காலையில் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்.

இதெல்லாம் எல்லா மாவு வியாபாரிக்கும் உண்டு. எங்களை மூடவைத்தது வேறே. கடையை மூடி ஒரு மாதம் கழித்து, 2024 அக்டோபரில், வீட்டுத் தரையில் கணக்கை எல்லாம் பரப்பிப் போட்டு 4 நாள் உட்கார்ந்தேன். விற்பனைக் கணக்கு லேப்டாப்பில் இருந்தது, கலர் கலராக, வரைபடத்தோடு. ரிட்டர்ன் கணக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டில் இருந்தது. ஷட்டர் பக்கத்தில் ஆணியில் மாட்டி, நூலில் பேனா கட்டிவைத்திருந்தோம், டெலிவரி பையன் திரும்பி வந்த பாக்கெட் எண்ணிக்கையை அதில் கன்னடத்தில் எழுதுவான். அந்த நோட்டையும் இந்த லேப்டாப்பையும் 3 வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்தால் என்ன வந்தது என்றால், ஒரு கிலோ பாக்கெட் கடைக்கு 48 ரூபாய்க்குக் கொடுத்தோம், எங்களுக்கு அடக்கம் 37. பத்து பாக்கெட் போனால் 110 ரூபாய் நிற்கணும். அதில் 2 திரும்பி வந்தால் எட்டுக்குத்தான் காசு, 384. செலவு பத்துக்கும் ஆயிற்று, 370. நிற்பது 14 ரூபாய், அதிலும் வண்டி பெட்ரோல் இன்னும் போடவில்லை. 3 திரும்பினால் கைக்காசு 34 போகும். கோடையிலும் குளிரிலும் எங்களுக்குப் பத்தில் மூன்று திரும்பியிருக்கிறது. மற்ற மாதங்களில் இரண்டு.

ஒரே நாளில் 500 பாக்கெட் அனுப்பினோம் என்று ஒரு நாள் கேக் வெட்டினோம், போட்டோ போட்டோம், 200 பேர் வாழ்த்தினார்கள். அந்த மாதம் நாள்தோறும் 100க்கு மேல் திரும்பி வந்திருக்கிறது. நோட்டில் இருக்கிறது. நான் டெஸ்டர், பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில். என் கடையில் மட்டும் அந்த நோட்டைத் திறக்க மனசு வரவில்லை, ஏனென்றால் திரும்பி வந்த ஒவ்வொரு பாக்கெட்டும் "உன் மாவு சரியில்லை" என்று சொல்வது மாதிரி இருந்தது.

தண்ணீர்ப் பஞ்சத்துலதான் மூடினீங்கன்னு சொன்னாங்களே?

அதைச் சொன்னது நான்தான். 2024 மார்ச்சில் ஊரில் பாதி போர்வெல் வற்றி, டேங்கர்காரர்கள் கேட்டதுதான் விலை என்று ஆகி, கடைசியில் மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. அரிசி கழுவ, ஊறவைக்க, கிரைண்டர் கழுவ என்று எங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது, சிரமப்பட்டோம். ஆனால் அது கடைசித் தள்ளு மட்டும்தான். சொந்தக்காரர்களிடம் சொல்ல வசதியாக இருந்தது, யார் தப்பும் இல்லாத காரணம் பாருங்கள்.

மொத்தம் எவ்வளவு போச்சு?

கிட்டத்தட்ட 11 லட்சம். போட்டது 14. என் சேமிப்பு 6, தோழியுடையது 5, அம்மா நகையை வைத்து 3. கிரைண்டரையும் சீல் மிஷினையும் விற்றதில் கொஞ்சம், கட்டட அட்வான்ஸில் பெயின்ட் காசு பிடித்தது போக மீதி.

இதில் ஒரு வேடிக்கை. நம் சமுதாயத்தில் நஷ்டத்துக்கு மதிப்புக் கொடுக்கிற ஒரே ஆள் வருமான வரித்துறைதான். வியாபார நஷ்டத்தை 8 வருஷம் வரை முன்னே கொண்டுபோய், பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால். சம்பளத்தில் கழிக்க முடியாது, அது வேறு. ஆனால் எங்களுக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் நாங்கள் பிரைவேட் லிமிடெட். நஷ்டம் கம்பெனியுடையது, கம்பெனியோடு போய்விட்டது. தனிநபர் பெயரில் வியாபாரம் செய்திருந்தால் நஷ்டம் என் கணக்கில் இருந்திருக்கும். "டைரக்டர்" என்று விசிட்டிங் கார்டு அடிக்கும் ஆசைக்கு நான் கொடுத்த விலை அது.

நானும் கம்பெனியை மூடணும். எப்படி?

மூடாமல் விடாதீர்கள், அதைத்தான் முதலில் சொல்வேன். மூடுவது அவமானம் என்று நினைத்துப் பாதிப் பேர் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். செத்த கம்பெனியும் வருஷா வருஷம் கணக்கும் ஆண்டு அறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் ஓடிக்கொண்டே இருக்கும், உச்சவரம்பு கிடையாது. தொடர்ந்து 3 வருஷம் விட்டால் 5 வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக இருக்கும் தகுதி போய்விடும்.

முறை என்னவென்றால், முதலில் கடன், சம்பள பாக்கி, கடைக்காரர் பாக்கி எல்லாம் தீர்க்கணும். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்யணும், ரத்தான 3 மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்கிற கடைசிக் கணக்கைப் போடணும் (இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், நானும் மறந்தேன்). வங்கிக் கணக்கை மூடணும். அப்புறம் எஸ்.டி.கே.-2 படிவத்தில் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பம், நாங்கள் பார்த்தபோது கட்டணம் 10,000 ரூபாய். வியாபாரம் நின்று 2 நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதுவரை மேலே சொன்ன கணக்கெல்லாம் போட்டுக்கொண்டே இருக்கணும். எங்களுடையது இதை எழுதும்போதும் காத்திருப்பில்தான் இருக்கிறது. நல்ல ஆடிட்டராகப் பாருங்கள், கடை திறக்கும்போது சிரித்த முகமாக இருந்தவர் மூடும்போதும் போனை எடுக்கிறாரா என்பதுதான் பரீட்சை.

பெங்களூர்ல தோத்தா பெருமைதானே? ஸ்டார்ட்அப் ஊராச்சே.

கோரமங்களாவிலும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் காபி 300 ரூபாய்க்கு விற்கும் இடங்களில் தோல்விக்கு மரியாதை இருப்பது உண்மைதான். சீக்கிரம் தோற்றுப் பழகு என்று சொல்லிக்கொள்வார்கள். முதலீட்டாளர் காசில் தோற்றவர் அடுத்த கம்பெனிக்கு அதையே அனுபவம் என்று காட்டுவார், காசும் கிடைக்கும். தப்பென்று சொல்லவில்லை, அந்த முதலீட்டாளர்கள் பத்தில் பெரும்பாலானது போகும் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள், ஒன்று ஜெயித்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்துவிடும். எங்கள் முதலீட்டாளர் திண்டுக்கல்லில் இருக்கிறார், அவரிடம் பத்து மகள் இல்லை.

வீட்ல எப்படிச் சொன்னே?

சொல்லவில்லை. 5 மாதம் சொல்லவில்லை. போனில் "வியாபாரம் எப்படிப் போகுது" என்றால் "போகுதும்மா" என்பேன், இலக்கணப்படி அது பொய்யில்லை. 2025 பிப்ரவரியில் அல்சூரில் சித்தப்பா மகன் கல்யாணம், அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பந்தியில் நான் ஒரு பக்கம், அம்மா எதிரே. அத்தை ஒருவர் வந்து நின்று, சத்தமாக, "கடையை மூடிட்டியாமே, அப்பவே சொன்னேன்ல, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வியாபாரம்" என்றார். அவர் அப்போது சொல்லவே இல்லை, திறப்பு விழாவுக்கு வந்து நாலு பாக்கெட் ஓசியில் வாங்கிக்கொண்டு போனார், அது போகட்டும். அம்மா தலையைத் தூக்கவில்லை. இலையில் இருந்த இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "உளுந்து பத்தல" என்றார்.

ராத்திரி படுக்கும்போது, நகை போய்விட்டது என்று அழுதேன். "அடகுக் கடையில இருந்தா என்ன, பீரோவுல இருந்தா என்ன, நான் எங்க போட்டுக்கிட்டேன். அஞ்சு மாசமா ஏன்டி பொய் சொன்னே" என்றார். நகையை இந்த வருஷம் மீட்டுவிட்டேன். பொய் சொன்னதை மட்டும் இன்னும் குத்திக்காட்டுகிறார்.

வேலைக்குத் திரும்பினப்போ அந்த 3 வருஷத்தை எப்படிச் சொன்னே?

முதல் ஆறு இன்டர்வியூவில் தொழில்முனைவோர், நிறுவன இயக்குநர் என்று பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டேன். மறுபடி கடை வைக்க ஓடிவிடுவீர்களா என்று கேட்டார்கள், அல்லது ஒன்றும் கேட்காமலே அனுப்பிவிட்டார்கள். ஏழாவதில் அலுத்துப்போய், மாவு விற்றேன், ரிட்டர்ன் கணக்கைப் பார்க்காமல் விட்டேன், 11 லட்சம் போனது என்று நோட்டு விஷயத்தை அப்படியே சொன்னேன். கேட்டவர் தன் லேப்டாப்பை மூடிவிட்டு, பத்தில் இரண்டு திரும்பினால் என்ன நிற்கும் என்று தானே பேப்பரில் போட்டுப் பார்த்தார். வேலை கிடைத்தது. 2021இல் விட்ட சம்பளத்தைவிடக் குறைச்சல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உண்மையைச் சொன்னால் எல்லாம் கிடைக்கும் என்று எழுதிவிட்டேன் என்பீர்கள்.

பையன் பியூசில ஃபெயில் ஆயிட்டான், ஏதாவது சொல்லேன். நீதான் அனுபவசாலி.

(கீழ் வீட்டு அக்கா. கடைசி வாக்கியத்தைக் கிண்டலாகச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.)

கர்நாடகாவில் 2024இலிருந்து பத்தாம் வகுப்புக்கும் இரண்டாம் பியூசிக்கும் (தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மாதிரி) வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு. தேர்வு-1, தேர்வு-2 என்று பெயர், எதில் அதிகமோ அந்த மார்க் நிற்கும். சப்ளிமெண்டரி என்ற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். நல்ல மார்க் எடுத்தவனும் கூட்டிக்கொள்ள இரண்டாவதை எழுதலாம், அதனால் ஹாலில் யார் ஃபெயில், யார் ஆசைக்கு எழுதுகிறான் என்று தெரியாது. எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் 2017இலிருந்து முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள், துணைத்தேர்வும் அதே வருஷத்தில் நடந்துவிடும், வருஷம் வீணாகாது. அரசாங்கம் இந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது. நம் வீட்டு வாட்ஸப் குழுதான் இன்னும் இறங்கவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் இந்த நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதனால் பையனிடம் அடுத்து என்ன என்று கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டானா, தூங்கினானா என்று பாருங்கள், முதல் ரெண்டு நாள் தனியாக விடாதீர்கள், அவன் எதிரே போனில் யாரிடமும் மார்க்கைச் சொல்லாதீர்கள். பேச்சு ஒரு மாதிரியாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நம் ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். அப்புறம் ஒரு வாரம் கழித்து, விடைத்தாள் நகல் வாங்கி, அவனும் நீங்களும் உட்கார்ந்து எங்கே போனது என்று பாருங்கள். அன்றைக்கே வேண்டாம். எனக்கே ஒரு மாதம் ஆனது.

உங்க கதையைக் கேட்டதும் தைரியம் வந்துச்சு. நானும் வேலையை விடட்டுமா?

என் கதையைக் கேட்டா? சரியாகத்தான் கேட்டீர்களா?

எனக்குத் திரும்பிப் போக ஒரு தொழில் இருந்தது, கணவர் சம்பளம் இருந்தது, வாடகை தவறவில்லை. இது மூன்றும் இல்லாமல் தோற்றிருந்தால் நான் இப்படி ஹாய்யாக உட்கார்ந்து கேள்வி பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எங்களிடம் மாவு ஆட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணகிரி அக்காவுக்கு அந்த செப்டம்பரில் வேலை போனது. தோல்வியால் கிடைக்கும் பாடம் எனக்கு, வேலை போனது அவருக்கு. இதை யாரும் என்னிடம் கேள்வியாகக் கேட்டதில்லை, நானே போட்டுக்கொள்கிறேன். அவருக்குக் கடைசி மாதச் சம்பளம் கொடுக்கும்போது என் கையில் பாதிதான் இருந்தது. மீதிக்கு ஒரு 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரை எடுத்துக்கொள்கிறேன் என்று அவரேதான் கேட்டார். ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். வெளியே விற்றிருந்தால் அவர் பாக்கியைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்திருக்கும், அந்தக் கணக்கை மட்டும் நான் போடவில்லை.

வேலையை விடுவதென்றால், எவ்வளவு போனால் நிறுத்துவேன் என்று ஒரு தொகையை இன்றைக்கே எழுதி, உங்கள்மேல் இரக்கம் இல்லாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நாங்கள் 5 லட்சம் என்று வாயால் சொல்லிக்கொண்டோம். வாயால்.

இப்போ நல்ல மாவு எங்க கிடைக்கும்?

அந்த அக்காவிடம்தான் நானும் வாங்குகிறேன். ராமமூர்த்தி நகரில் அவர் வீட்டிலேயே ஆட்டுகிறார், அந்த கிரைண்டரில்தான், ஒரு 30 வீடு. மதியம் 2 மணிக்குள் சொல்லிவிடணும், சொன்ன அளவுதான் ஆட்டுவார். பாக்கெட் கிடையாது, தூக்குச்சட்டி கொண்டுபோகணும். டிசம்பர், ஜனவரியில் ஒரு நாள் முன்னாலேயே சொல்லணும், கம்பளி சுற்றி வைப்பார். கடன் கிடையாது. வாங்கின மாவைத் திருப்பி எடுக்க மாட்டார், கேட்டும் பார்த்துவிட்டேன்.